வழியும் வழிச்செல்வோரும்

ஊர் என்று ஒன்று தோன்றிய நாளிலேயே வழி என்பதும் தோன்றியிருத்தல் வேண்டும். விளைந்த நெல்லை விற்பதற்கும், நெய்த துணியை அனுப்புதற்கும், உறவினரைக் காண்பதற்கும், திருவிழாவிற்குச் செல்வதற்கும் மக்களுக்கு வழி வேண்டும். ஓர் ஊருக்கு ஒரே வழிதான் உண்டெனின், அதில் செல்வதன்றி வேறு எண்ணம் எழாது. வழிகள் இரண்டாயின், 'எதில் செல்வது?' என்னும் வினா உடனே பிறக்கிறது. பார்வைக்கு எளிய வினா இது. ஆயினும், இதற்கு விடை காண அறிஞர் பலர் நூறாண்டுக்கு மேலாக முயன்று வருகின்றனர். அவர்கள் கண்ட உண்மைகளுட் சில வியப்பூட்டுவன; சில நமக்கு அறிவுறுத்துவன. அவற்றை இப்பாடத்தில் காண்போம்.

சிலம்பு காட்டும் மூவழி

வழியைத் தேர்ந்தெடுத்தல் என்பது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. கோவலனும் கண்ணகியும் புகார் நகரை விட்டுக் கவுந்தியடிகளின் துணையோடு மதுரையை நோக்கி நடந்த வரலாற்றைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. உறையூரைக் கடந்த பின், அவர்கள் மாங்காட்டு மறையோன் ஒருவனைக் காண்கின்றனர். மதுரைக்குச் செல்லும் வழி யாது என்று கோவலன் அவனை வினவுகிறான். கொடும்பை என்னும் ஊரை அடைந்தால், அங்கு வழி மூன்றாகப் பிரியும் என்று மறையோன் விடை கூறுகிறான். வலப்பக்கத்து வழி வறண்ட நிலத்தைக் கடந்து சிறுமலையின் பக்கமாகச் செல்வது. இடப்பக்கத்து வழி திருமால் குன்றத்தின் வழியாகச் செல்வது. வியத்தகு குகையொன்றும் பொய்கைகளும் அங்கு உள்ளன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் காடுகளுக்கு நடுவே ஊர்கள் உண்டு. ஆயினும், வழிச்செல்வோரை மயக்கும் காட்டுத் தெய்வம் ஒன்றும் அங்கு உண்டு. அனைத்தையும் கேட்ட பின்னர், குகையின் சிறப்புகள் தமக்கு வேண்டா என்று கவுந்தியடிகள் மறுத்துரைத்தார். மூவரும் இடைவழியிலேயே நடந்தனர்.

இந்நிகழ்ச்சியில் வழித்தேர்வின் கூறுகள் யாவும் அமைந்துள்ளன. செல்லும் இடம் ஒன்று, வழிகள் பல, ஒவ்வொரு வழியிலும் ஒரு நன்மை, ஓர் இடர், முன்பு சென்றவன் தரும் செய்தி, செல்பவர் தம் மனவிருப்பம். ஆனால், ஒன்று மட்டும் இல்லை. கோவலன் இடைவழியில் நடந்தமையால், அவ்வழியில் நடந்த வேறு எவருக்கும் காலம் கூடவில்லை. பத்துப்பேர் நடந்தாலும் நூறுபேர் நடந்தாலும் காட்டுவழி காட்டுவழியே. இக்காலத்துச் சாலைகளின் இயல்பு அத்தகையதன்று. இன்று ஒருவர் ஒரு சாலையில் நுழைந்தால், அவருக்குப் பின்வரும் ஒவ்வொருவருக்கும் சிறிதளவேனும் தாமதம் நேர்கிறது. இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே இந்த ஆராய்ச்சி முழுவதும் தொடங்குகிறது.

இரண்டு ஊர்களும் ஒரு சாலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில், திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அமைந்துள்ளன. முன்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த பழம்பதி. பின்னது நூற்பாலைகளால் பெயர்பெற்ற தொழில் நகர். 1936ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இராசபாளையம் மில் அவ்வூரின் வளர்ச்சிக்கு அடிகோலியது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இப்பாடத்தை எழுதுபவன் பல்லாண்டுகள் நாள்தோறும் இத்தொலைவைப் பேருந்தில் கடந்து பணியாற்றியவன். ஒரே தொலைவு ஒருநாள் இருபது நிமிடத்திலும், மற்றொரு நாள் ஒரு மணி நேரத்திலும் முடிந்ததைக் கண்டவன். சாலை நீளவில்லை, அதில் செல்லும் வண்டிகள் பெருகின. அவ்வளவே.

கேரளத்திலுள்ள கொல்லத்தையும் மதுரைக்கு அருகிலுள்ள திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை இவ்விரண்டு ஊர்களின் வழியாகச் செல்கிறது. முன்னர் அதன் எண் 208, இப்பொழுது 744. செங்கோட்டையிலிருந்து தென்காசி, புளியங்குடி ஆகிய ஊர்களைக் கடந்து வரும் அச்சாலையில், சபரிமலைக்குச் செல்லும் அடியார்கள் கார்த்திகை, மார்கழித் திங்களில் திரள் திரளாகச் செல்வர். குற்றால அருவியில் நீர் பெருகும் பருவத்தில் நீராடச் செல்வோர் கூட்டம் மிகும். சத்திரப்பட்டியில் நெய்யப்பெறும் மருத்துவத் துணிகளும், ஆலைகளின் நூற்பொதிகளும் லாரிகளில் ஏறி இச்சாலையை அடையும்.

மதுரையிலிருந்து இராசபாளையத்துக்கு வருபவர், திருமங்கலத்தை அடைந்ததும், கோவலன் கொடும்பையில் நின்றதுபோல, வழி பிரியும் இடத்தில் நிற்கிறார். வலப்புறம் திரும்பினால் தே. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாகத் திருவில்லிபுத்தூரை அடையலாம். நேரே தெற்கு நோக்கிச் சென்றால், கன்னியாகுமரி செல்லும் பெருஞ்சாலையில் விருதுநகரை அடைந்து, பின்னர்ச் சிவகாசி வழியாகத் திருவில்லிபுத்தூரை அடையலாம். முதல் வழி குறுகியது. இரண்டாவது வழி சுற்றானது. ஆயினும், இரண்டாவது வழியின் ஒரு பகுதி அகன்ற பெருஞ்சாலை. இவற்றுள் எதனை எத்தனை பேர் தேர்ந்தெடுப்பர்? இதனை முன்கூட்டியே கணித்தறிய இயலுமா? இயலும் என்கின்றனர் அறிஞர்.

சாலைகளைக் கணக்கில் எழுதுதல்

முதலிற் செய்ய வேண்டுவது சாலைகளைப் படமாக வரைதல். ஊர்களையும் சந்திப்புகளையும் புள்ளிகளாகவும், அவற்றை இணைக்கும் சாலைகளைக் கோடுகளாகவும் வரைந்தால், மீன்வலை போன்ற ஓர் உருவம் கிடைக்கும். மலையும் மரமும் மாடமும் அதில் இரா. இணைப்பு மட்டுமே இருக்கும். 1736ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை, கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றிய புதிரை இத்தகைய எண்ணத்தால் தீர்த்தார். அன்று தொடங்கிய கலையே இன்று சாலைவலை ஆராய்ச்சிக்கு அடித்தளம்.

இரண்டாவதாக, எங்கிருந்து எங்கே எத்தனை வண்டிகள் செல்கின்றன என்பதை அறிதல் வேண்டும். சாலையோரத்தில் நின்று வண்டிகளை எண்ணியும், ஓட்டுநரை நிறுத்திப் புறப்பட்ட இடத்தையும் சேரும் இடத்தையும் வினவியும் இச்செய்தியைத் திரட்டுவர். நம் நாட்டில் வண்டிகளை எண்ணுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேலைநாட்டுச் சாலையில் பெரும்பாலும் கார்களே ஓடுகின்றன. நம் சாலையிலோ மாட்டு வண்டி, மிதிவண்டி, ஆட்டோ, பேருந்து, லாரி ஆகிய அனைத்தும் தோளோடு தோள் உரசிச் செல்கின்றன. ஆதலின், ஒரு காரை ஒன்று எனக் கொண்டு, பிற வண்டிகள் சாலையில் கொள்ளும் இடத்திற்கும் விரைவிற்கும் ஏற்ப அவற்றுக்கு மதிப்புத் தருவர். 1934ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியச் சாலைப் பேரவை இதற்குரிய அளவுகளை வகுத்துள்ளது.

மூன்றாவதாக, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் குறைந்த நேரத்தில் செல்லும் வழியைக் கண்டுபிடித்தல் வேண்டும். சில புள்ளிகளே உள்ள வலையில் இது கையால் முடியும். ஆயிரக்கணக்கான புள்ளிகள் உள்ள வலையில் வழிகளின் எண்ணிக்கை அளவிறந்து பெருகும். நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1956ஆம் ஆண்டில் இதற்கு ஒரு முறை கண்டார். 1959இல் அதனை வெளியிட்டார். புறப்பட்ட இடத்திலிருந்து மிக அருகிலுள்ள புள்ளியை முதலில் முடிவு செய்து, பின்னர்ப் புறப்பட்ட இடத்திலிருந்தே அடுத்து அருகிலுள்ள புள்ளியை முடிவு செய்து, இவ்வாறே படிப்படியாகச் செல்லும் முறை அது. இன்று நம் கைப்பேசி வழி காட்டுவதற்கும் இம்முறையும் இதன் வழித்தோன்றல்களுமே துணை.

நெரிசல் என்னும் விலை

குறுகிய வழி எது என்று கண்டுவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. அவ்வழியில் எல்லோரும் சென்றால், அது குறுகிய நேரத்து வழியாக நிலைக்காது. வண்டிகள் பெருகப் பெருக நேரமும் பெருகும். எவ்வளவு பெருகும் என்பதற்கு, அமெரிக்க நாட்டுப் பொதுச் சாலைத் துறையினர் 1964ஆம் ஆண்டில் ஒரு வாய்பாடு வெளியிட்டனர். அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வெறுஞ்சாலையாக இருக்கும்பொழுது 10 நிமிடத்தில் கடக்கக்கூடிய சாலை ஒன்று உள்ளது என்க. அச்சாலை தாங்கக்கூடிய அளவு வண்டிகள் செல்லும்பொழுது, நேரம் 11½ நிமிடமாகும். அந்த அளவில் இருமடங்கு வண்டிகள் நுழைய முயன்றால், நேரம் 34 நிமிடமாகிவிடும்! முதலில் மெல்ல ஏறும் நேரம் பின்னர்ச் செங்குத்தாக ஏறுகிறது. பால் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நெடுநேரம் அமைதியாக இருந்த பால், ஒரு கணத்தில் பானையின் வாய்க்கு வந்துவிடுகிறது. சாலை நெரிசலும் அத்தன்மையதே.

துலாக்கோலின் நடுநிலை

இனி, திருமங்கலத்துச் சந்திப்புக்குத் திரும்புவோம். கணக்கு எளிதாகும்பொருட்டுச் சில எண்களைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 1,000 வண்டிகள் திருவில்லிபுத்தூரை நோக்கி வருகின்றன. கல்லுப்பட்டி வழியில் வண்டியே இல்லாவிடில் 60 நிமிடம் ஆகும். அங்கே செல்லும் ஒவ்வொரு 20 வண்டிக்கும் ஒரு நிமிடம் கூடும். விருதுநகர் வழியில் எத்தனை வண்டிகள் சென்றாலும் 90 நிமிடம் ஆகும்.

முதல்நாள் எல்லோரும் கல்லுப்பட்டி வழியையே நாடுகின்றனர். 1,000 வண்டிகளால் 50 நிமிடம் கூடி, 110 நிமிடம் ஆகிறது. 'விருதுநகர் வழியாகச் சென்றிருந்தால் 20 நிமிடம் மிச்சமாயிருக்குமே!' என்று பலர் வருந்துகின்றனர். மறுநாள் சிலர் வழியை மாற்றுகின்றனர். கல்லுப்பட்டி வழியில் நேரம் குறைகிறது. இவ்வாறு சிலர் அங்கும் சிலர் இங்கும் மாறிமாறிச் சென்று, இறுதியில் 600 வண்டிகள் கல்லுப்பட்டி வழியிலும், 400 வண்டிகள் விருதுநகர் வழியிலும் செல்லும் நிலை உண்டாகிறது. அப்பொழுது முதல் வழியில் ஆகும் நேரம் 60 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 90 நிமிடம். இரண்டாவது வழியிலும் 90 நிமிடமே. இனி வழியை மாற்றுவதால் எவருக்கும் பயன் இல்லை. அடியில் இணைக்கப்பெற்ற இரண்டு பாத்திரங்களில் ஊற்றிய நீர், எவரும் கட்டளையிடாமலே ஒரே மட்டத்தில் நிற்பதுபோல, மக்களின் தேர்வும் ஒரு சமநிலையில் வந்து நிற்கிறது.

இவ்வுண்மையை 1952ஆம் ஆண்டில் தெளிவாக வரையறுத்துக் கூறியவர் வார்ட்ராப் என்னும் ஆங்கிலேயர். அவர் இங்கிலாந்து நாட்டுச் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்தவர். மக்கள் செல்லும் வழிகள் அனைத்திலும் பயண நேரம் ஒன்றாகவே இருக்கும். செல்லாது விட்ட வழியில் எவரேனும் சென்றால், அந்நேரத்தினும் குறைந்த நேரத்தில் சேர இயலாது. இதுவே அவர்தம் முதற் கொள்கையின் சாரம். 1956ஆம் ஆண்டில் பெக்மன், மக்குவயர், வின்ஸ்டன் என்னும் மூவர், பெரிய சாலைவலையிலும் இச்சமநிலையைக் கணக்கிட்டுக் காணும் வாயிலை வகுத்தனர்.

வார்ட்ராப் இரண்டாவது கொள்கை ஒன்றும் கூறினார். எல்லோருடைய பயண நேரங்களையும் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்கும் நிலையே ஊருக்கு நல்லது என்பது அதன் கருத்து. இவ்விரண்டு நிலைகளும் ஒன்றா? அன்று என்பதை நம் கணக்கே காட்டும். சமநிலையில் 1,000 வண்டிகளும் தலைக்கு 90 நிமிடமாக 90,000 நிமிடம் செலவிடுகின்றன. கல்லுப்பட்டி வழியில் 300 வண்டிகள் மட்டுமே செல்கின்றன எனக் கொள்க. அவற்றுக்கு ஆகும் நேரம் 75 நிமிடம். எஞ்சிய 700 வண்டிகளுக்கு முன்போலவே 90 நிமிடம். மொத்தம் 85,500 நிமிடம். எவருக்கும் ஒரு நிமிடமும் கூடவில்லை. 4,500 நிமிடம், அஃதாவது 75 மணி நேரம், ஊருக்கு மிச்சம்!

அவ்வாறாயின் மக்கள் ஏன் அவ்வாறு பிரிந்து செல்வதில்லை? விருதுநகர் வழியில் செல்லும் 700 பேருள் ஒருவர், 'அங்கே 75 நிமிடந்தானே! நான் ஒருவன் மாறினால் என்ன?' என்று எண்ணுகிறார். அவர் எண்ணுவது அவரளவில் சரியே. ஆனால், அவ்வாறே முந்நூறு பேர் எண்ணுகின்றனர். ஒவ்வொருவரும் தம் நேரத்தை மட்டும் கணக்கிடுகின்றனர். தம்மால் பிறருக்குக் கூடும் நேரத்தை எவரும் கணக்கிடுவதில்லை. 'நான் ஒருவன்' என்னும் சொல் எத்துணைப் பெரிய சொல் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

பொருளியல் அறிஞர் பிகு 1920ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டு, நெரிசல் மிகுந்த சாலைக்கு ஒரு கட்டணம் விதித்தால் மக்கள் தாமே பிரிந்து செல்வர் என்று கூறினார். சிங்கப்பூர் 1975ஆம் ஆண்டிலும், இலண்டன் 2003ஆம் ஆண்டிலும் நகரின் நடுப்பகுதிக்கு இத்தகைய கட்டணத்தைக் கொண்டுவந்தன.

புதிய சந்து தந்த தொல்லை

நெரிசலுக்கு மருந்து புதிய சாலையே என்பது பொதுமக்களின் எண்ணம். பெரும்பாலும் அது மெய்யே. ஆனால், எப்பொழுதும் மெய்யன்று. செருமானிய நாட்டுக் கணித அறிஞர் டீட்ரிக் பிரேஸ் 1968ஆம் ஆண்டில் இதனை மெய்ப்பித்தார். அவர் காட்டிய முரணை நம் ஊர் வீதிகளின் உருவில் காண்போம்.

நான்கு மூலைகளும் நான்கு வீதிகளும் உடைய ஓர் ஊரை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நடுவே பெருந்திடல் ஒன்று உள்ளது. காலையில் 200 வண்டிகள் வடகிழக்கு மூலையிலிருந்து தென்மேற்கு மூலைக்குச் செல்ல வேண்டும். வடக்கு வீதியும் தெற்கு வீதியும் குறுகியவை; அவற்றில் ஒவ்வொரு 10 வண்டிக்கும் ஒரு நிமிடம் ஆகும். கிழக்கு வீதியும் மேற்கு வீதியும் அகன்றவை, ஆயினும் வளைந்து நீண்டவை. எத்தனை வண்டிகள் சென்றாலும் அவற்றில் 22 நிமிடம் ஆகும். பாதிப்பேர் வடக்கு வீதியில் சென்று மேற்கு வீதியில் திரும்புவர். பாதிப்பேர் கிழக்கு வீதியில் சென்று தெற்கு வீதியில் திரும்புவர். ஒவ்வொருவருக்கும் 10 நிமிடமும் 22 நிமிடமுமாக 32 நிமிடம் ஆகும்.

ஊரார் மகிழும் வண்ணம், வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குத் திடலின் குறுக்கே ஒரு சந்து திறக்கப்பெறுகிறது. அதனைக் கடக்க ஒரு நிமிடமே ஆகும். முதல்நாள் ஒருவர் வடக்கு வீதி, சந்து, தெற்கு வீதி என்று சென்று, 21 நிமிடத்தில் சேர்ந்துவிடுகிறார். செய்தி பரவுகிறது. எல்லோரும் அவ்வழியையே நாடுகின்றனர். 200 வண்டிகளும் வடக்கு வீதியில் நுழைவதால் அங்கே 20 நிமிடம். சந்தில் ஒரு நிமிடம். தெற்கு வீதியில் மீண்டும் 20 நிமிடம். ஆக 41 நிமிடம்! சரி, பழைய வழிக்கே திரும்பலாம் என்று ஒருவர் எண்ணினால், அவருக்கு ஆகும் நேரம் 20 நிமிடமும் 22 நிமிடமும் சேர்ந்து 42 நிமிடம். ஆதலின் எவரும் திரும்பார். சந்து திறந்தமையால் ஒவ்வொருவரும் 9 நிமிடம் இழந்தனர். சந்தை மூடினால் எல்லோருக்கும் 9 நிமிடம் கிடைக்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ணற்க. தென்கொரியத் தலைநகர் சியோலில், சங்கியேசன் என்னும் ஓடையை மூடி அதன்மேல் உயர்மட்டச் சாலை அமைத்திருந்தனர். 2003ஆம் ஆண்டில் அச்சாலையை இடித்து அகற்றி, 2005ஆம் ஆண்டில் ஓடையை மீட்டனர். நகரமே முடங்கிவிடும் என்று பலர் அஞ்சினர், அவ்வாறு முடங்கவில்லை. மக்களுட் பலர் பிற வழிகளையும் பேருந்தையும் தொடர்வண்டியையும் நாடினர். சாலை ஒன்றைச் சேர்ப்பதாயினும் நீக்குவதாயினும், மக்கள் அதற்கு எவ்வாறு மறுமொழி தருவர் என்று கணக்கிட்ட பின்னரே செய்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

மனிதர் பலவகையர்

இதுவரை கூறிய கணக்கில் ஒரு குறை உண்டு. எல்லோரும் எல்லா வழிகளின் நேரத்தையும் சரியாக அறிவர் என்றும், நேரம் ஒன்றையே கருதுவர் என்றும் கொண்டோம். உலகம் அத்தகையதன்று. நாள்தோறும் செல்லும் ஓட்டுநருக்குச் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். முதன்முறை வரும் வெளியூரார் பெயர்ப்பலகையையே நம்பிச் செல்வர். பாரம் ஏற்றிய லாரி குறுகிய வீதியை அஞ்சும். குழந்தையோடு செல்லும் தாய் விளக்கு எரியும் சாலையை விரும்புவாள். இன்னும் சிலர் கால்மணி நேரம் கூடினாலும் ஊருக்குள் புகுந்து, திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை வாங்கிக்கொண்டுதான் செல்வர்! 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அவ்வினிப்பு, வழித்தேர்வுக் கணக்கிலும் தனக்கோர் இடம் கேட்கிறது.

இவ்வேறுபாடுகளையும் அறிஞர் கணக்கிற் சேர்த்துள்ளனர். உண்மையான நேரம் வேறு. ஒருவர் தம் மனத்தில் கருதும் நேரம் வேறு. ஆதலின், விரைவான வழியில் எல்லோரும் செல்வர் என்று கூறாமல், அதில் செல்வோர் மிகுதியாகவும் பிற வழிகளில் செல்வோர் குறைவாகவும் இருப்பர் என்று நிகழ்தகவு முறையில் கூறுவர். இரு வழிகளின் நேரம் ஏறக்குறைய ஒன்றாயின், செல்வோரும் ஏறக்குறைய பாதிப்பாதியாகப் பிரிவர். வேறுபாடு மிகுந்தால், சுற்றுவழியில் செல்வோர் மிகச் சிலராவர். 1977ஆம் ஆண்டில் டகான்சோ, ஷெபி என்னும் இருவர் இக்கருத்தை வார்ட்ராப்பின் சமநிலையோடு இணைத்தனர். மக்களின் தேர்வை இவ்வாறு கணக்கிடும் முறைகளை வளர்த்த மக்ஃபாடன் என்னும் அமெரிக்க அறிஞர், 2000ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இக்காலத்து ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிரே வருபவனுக்கு வள்ளல் இருக்கும் இடத்தையும், அங்குச் செல்லும் வழியையும் எடுத்துரைப்பதே ஆற்றுப்படை. தான் நடந்த வழியைப் பிறருக்குக் காட்டும் பண்பு அதில் விளங்குகிறது. இன்று கைப்பேசியிலுள்ள வழிகாட்டி அப்பணியைச் செய்கிறது. பல்லாயிரம் வண்டிகளின் விரைவை அறிந்து, 'இவ்வழியில் நெரிசல்; அவ்வழியில் திரும்புக' என்று கூறுகிறது. இது பெரும் உதவியே. ஆயினும், பழைய ஆற்றுப்படைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று ஒருவன் ஒருவனுக்கு வழி கூறினான். இன்று ஒரு வழிகாட்டி ஒரே நேரத்தில் அனைவருக்கும் வழி கூறுகிறது. எல்லோருக்கும் ஒரே சந்தைக் காட்டினால், அச்சந்தின் நிலை என்னாகும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடிப்பூர நாளில் இதனை நேரிற் கண்டேன். ஆண்டாளின் தேர் வீதியில் அசைந்து வந்துகொண்டிருந்தது. ஊருக்குள் வண்டிகள் செல்ல இயலவில்லை. சிறிது நேரத்தில், அருகிலிருந்த குறுகிய தெரு ஒன்றில் இருபுறமிருந்தும் கார்களும் ஆட்டோக்களும் புகுந்து, நடுவில் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்றுவிட்டன. கைப்பேசி காட்டியது என்றார் ஒருவர்; முன்னால் சென்றவரைப் பின்பற்றினேன் என்றார் மற்றொருவர். அப்பொழுது, மகப்பேற்றிற்காக ஒரு பெண்ணை இராசபாளையத்து மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் நோயாளி ஊர்தி அத்தெருவில் அகப்பட்டுக்கொண்டது. அதன் ஒலியைக் கேட்டு அனைவரும் பதறினர். ஆனால், எவராலும் அசைய முடியவில்லை.

முதியவர் ஒருவர், தம் ஆட்டோவை விட்டு இறங்கினார். முன்னால் நின்றவர்களிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தெருவின் கடைசிக்கு விரைந்து நடந்து, அங்கு நின்ற கார் ஓட்டுநரிடம், "தம்பி, முன்னால் நிற்பவர் பின்வாங்க வேண்டுமானால் முதலில் நீங்கள் பின்வாங்க வேண்டும்" என்றார். அக்காரில் இருந்தவருக்கு நோயாளி ஊர்தி கண்ணுக்கே தெரியவில்லை. எனினும் அவர் மறுக்காமல் பின்வாங்கினார். அவருக்கு முன்னிருந்தவர் அடுத்துப் பின்வாங்கினார். சில நிமிடங்களில் வழி பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று மறுநாள் கேள்வியுற்று மகிழ்ந்தேன். தம்மால் யாருக்குத் தாமதம் நேர்கிறது என்பதைக் காண இயலாத இடத்தில் நிற்பவரே முதலில் வழிவிட வேண்டியவராக இருக்கிறார். அறிஞர் கணக்கால் உணர்த்திய உண்மையை அம்முதியவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

வழி வகுப்போர் கடமையும் நம் கடமையும்

744ஆம் எண் நெடுஞ்சாலையை நான்கு தடங்கள் கொண்டதாக விரிக்கும் பணிகளுக்கு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. அதன் மதிப்பு 2,400 கோடி ரூபாய்க்கும் மிகுதி. இத்துணைப் பெரும்பொருளைச் செலவிடுமுன், பொறியாளர் விடை காண வேண்டிய வினாக்கள் பல. சாலை அகன்றால், விருதுநகர் வழியில் சென்றோருள் எத்தனை பேர் இவ்வழிக்கு மாறுவர்? ஊரைச் சுற்றிச் செல்லும் வழி அமைந்தால், திருவில்லிபுத்தூரின் வீதிகள் எவ்வளவு ஓய்வு பெறும்? கடைவீதி வணிகர் எவ்வளவு இழப்பர்? இன்று எளிதாகச் செல்லும் சந்திப்பு எதுவேனும் நாளை திணறுமா? மண்ணை வெட்டுமுன் எண்ணால் ஆராய்ந்து இவற்றிற்கு விடை காண்பதே சாலைவலைக் கணித மாதிரியின் பயன். அது வருவதை அப்படியே காட்டும் கண்ணாடி அன்று. ஆயினும், இருளில் நடப்பவனுக்கு ஒரு கைவிளக்கு.

மாணவர்களே! உங்களுட் சிலர் நாளை பொறியாளராகிச் சாலைகள் வகுப்பீர்கள். அப்பொழுது கல்லையும் தாரையும் மட்டும் கருதாமல், அச்சாலையில் செல்லும் மக்களின் மனத்தையும் கருதுங்கள். மற்றையோர் அனைவரும் அச்சாலைகளில் செல்வீர்கள். அப்பொழுது உங்கள் நேரத்தை மட்டும் கருதாமல், உங்களுக்குப் பின்னால் வருபவரின் நேரத்தையும் கருதுங்கள். வழியைத் தேர்வது நம் உரிமை; நாம் தேர்ந்த வழி பிறருக்குத் தடையாகாமல் காப்பது நம் கடமை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வழி என்னும் சொல்லுக்கு உரிய பொருள் விளங்கும்.